வென்ஃப்ளானும் குளிர்காய்ச்சலும்: ஆஸ்பத்திரியில் வீட்டார் செய்யும் தவறுகள்

ஆஸ்பத்திரியில் சேர்த்து நாலைந்து நாளாகி, வந்த நோய் குறையும் நேரத்தில் திடீரென்று குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல் வந்தால், திருநெல்வேலிப் பக்கம் முதல் பழி ஃபேன் மேல் விழும். அடுத்தது, பார்க்க வந்தவர் வாங்கி வந்த ஆரஞ்சு மேல். ட்ரிப்ஸும் ஊசி மருந்தும் ஏற்றக் கையில் குத்தியிருக்கும் வென்ஃப்ளான் என்ற சின்னக் குழாயை யாரும் சந்தேகப்படுவதில்லை.

தோல் முழுசாக இருக்கும்வரை வெளியில் உள்ள கிருமி ரத்தத்துக்குள் போவது கடினம். வென்ஃப்ளான், டயாலிசிஸுக்காகக் கழுத்தில் போடும் கதீட்டர் என்ற குழாய், ஐசியூவில் பெரிய ரத்தக்குழாயில் போடும் லைன் எல்லாம் அந்தத் தோலைத் துளைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. தோலில் சும்மா கிடக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமி அந்த வழியாக உள்ளே இறங்கிவிடும். மூத்திர டியூப் வழியாக ஈ.கோலை, கிளெப்சியெல்லா மாதிரியான குடல் கிருமிகள் ஏறி ரத்தத்தில் கலக்கலாம். இப்படி ரத்தத்தில் கிருமி கலந்தாலும் அந்தக் குளிர்காய்ச்சல் வரும்.

ஊசி மருந்தெல்லாம் நின்று மாத்திரைக்கு மாறிய பிறகும், "ராத்திரி தேவைப்பட்டா திரும்பக் குத்தணுமே, இருக்கட்டும் சிஸ்டர்" என்று வென்ஃப்ளானை விட்டுவைக்கச் சொல்வது பல நேரம் வீட்டார்தான். பாசம்தான், ஆனால் தப்பு. "இது இன்னும் வேணுமா?" என்று தினமும் கேளுங்கள். குத்திய இடம் சிவந்தாலோ, வலித்தாலோ, வீங்கினாலோ, கசிந்தாலோ உடனே சொல்ல வேண்டும். ஆம்புலன்ஸில் அவசரமாகக் குத்தியது என்றால் அதையும் சொல்லுங்கள்; சுத்தம் பார்க்க நேரம் இல்லாமல் போட்டதை ஓரிரு நாளுக்குள் மாற்றிவிடுவது நல்லது. ட்ரிப்ஸ் முடிந்ததும் நாமே மூடியைத் திறந்து திருகவும் கூடாது. திருச்செந்தூர் இலை விபூதியை நெற்றியில் பூசுங்கள், யார் தடுக்கப் போகிறார்கள்? ஊசி குத்திய இடத்தில் மட்டும் வேண்டாம்.

ஸ்கேனுக்கு ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது மூத்திரப் பையை நோயாளியின் மடியில் வைத்துவிடுகிறோம். பையில் இருப்பது திரும்ப உள்ளே ஓடும். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையிலும் படக்கூடாது.

இதையெல்லாம்விடப் பெரிய தவறு ஒன்று உண்டு. அம்பாசமுத்திரத்திலோ வள்ளியூரிலோ ரெண்டு நாள் ஆன்டிபயாடிக் ஊசி போட்டுவிட்டு, என்ன மருந்து என்ற சீட்டு இல்லாமல் பாளையங்கோட்டையில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு வருவது. ரத்தத்தில் எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்க, ரத்தத்தைப் பாட்டிலில் விட்டுக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சர் எடுப்பார்கள். ஏற்கெனவே ஆன்டிபயாடிக் போயிருந்தால், கிருமி உடம்பில் இருந்தும் பாட்டிலில் வளராமல் போகலாம். அப்புறம் குத்துமதிப்பாகத்தான் மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். அதனால் முதல் டோஸுக்கு முன்பே கல்ச்சர் எடுப்பதுதான் முறை. பிரஷர் இறங்கி ஆள் மோசமாக இருந்தால் மட்டும் அதற்காக மருந்தைத் தாமதிக்க மாட்டார்கள். ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும்.

"இவ்வளவு ரத்தம் எடுக்காவளே" என்று அங்கேயும் ஒரு சண்டை நடக்கும். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி தேவை. ரத்த தானத்தில் 350 மில்லி கொடுக்கிறோம், அதோடு பார்த்தால் இது ஒன்றுமில்லை. குறைவாக எடுத்தால் கிருமி சிக்காமலே போகும். ரெண்டு கையிலும் தனித்தனியாகக் குத்துவதற்கும் காரணம் இருக்கிறது. தோலில் இருந்த கிருமி ஊசியோடு ஒட்டிவந்திருந்தால் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டும் வளரும். ரெண்டிலும் ஒரே கிருமி வளர்ந்தால் அது ரத்தத்தில்தான் இருந்திருக்கிறது என்று கிட்டத்தட்ட நம்பலாம்.

கிருமி வளர்வது பெரும்பாலும் ஓரிரு நாளில் தெரியும். எந்த மருந்துக்கு அடங்கும் என்று தெரிய இன்னும் ஓரிரு நாள் ஆகும். அந்த ரிசல்ட் வந்ததும் மெரோபெனம் மாதிரி பெரிய மருந்தை நிறுத்திச் சாதாரண மருந்துக்கு மாற்றினால், "விலை கம்மியானதப் போடுதாவ" என்று முகம் வாடுகிறது. உண்மையில் அது நல்ல செய்தி. கிருமி சின்ன மருந்துக்கே அடங்குகிறது என்று அர்த்தம்.

வயசானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் ரத்தத்தில் கிருமி கலந்திருக்கலாம். ஆச்சி திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசினாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, மூத்திரம் குறைந்தாலோ "வயசாயிட்டுல்லா" என்று விட்டுவிடாமல் சிஸ்டரைக் கூப்பிடுங்கள். பார்க்க வருகிறவர்கள் கட்டிலைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் கையில் சானிடைசர் தேய்த்தால் போதும்.

இன்னொன்று, "நெஞ்சுல ஒண்ணுமில்லையே, எதுக்கு எக்கோ?" என்று மறுப்பது. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்று கல்ச்சர் ரிப்போர்ட் வந்தால் எக்கோ என்ற இதய ஸ்கேன் அவசியம், ஏனென்றால் அது இதய வால்விலும் முதுகெலும்பிலும் போய் ஒட்டிக்கொள்ளும் ஜாதி. குறைந்தது 14 நாள் மருந்து வேண்டும், பெரும்பாலும் ஊசியாகத்தான். மூணாம் நாள் காய்ச்சல் விட்டது என்று பெயர் வெட்டிக்கொண்டு ஊருக்குப் போனவர்களில் சிலர், ரெண்டு மூணு வாரத்தில் தாங்க முடியாத முதுகுவலியோடு திரும்பி வருவார்கள்.