டெஸ்ட் ஓடும்போது ஹோம் ஃபோல்டருக்குப் பூட்டு

என் நிரலைச் சோதிக்கும் டெஸ்ட் பாதியில் அப்படியே நின்றது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. பத்து நிமிடம் மண்டையைக் குடைந்த பிறகு பார்த்தால், பிரவுசருக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி ஜிபிஜி (டிஜிட்டல் கையெழுத்துப் போடும் மென்பொருள்) கடவுச்சொல்லைக் கேட்டுக் காத்திருந்தது. கிட் என்பது நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி; ஒவ்வொரு பதிவும் ஒரு கமிட். எல்லா கமிட்டிலும் கையெழுத்து வேண்டும் என்று முந்தின நாள்தான் என் ஹோம் ஃபோல்டரில் (பயனரின் சொந்த ஃபோல்டர்) கிட்டின் அமைப்புகளை வைத்திருக்கும் '.கிட்கான்ஃபிக்' கோப்பில் எழுதியிருந்தேன். டெஸ்ட் உருவாக்கிய ரெப்போ (கிட் கவனிக்கும் ஃபோல்டர்) தற்காலிகமானதுதான். ஆனால் கமிட் செய்யும்போது கிட் படித்தது என் அசல் கோப்பை.

இதாவது கண்ணில் படும். என் கோப்பில் அமைப்புகள் இருப்பதாலேயே தேறிவிடும் டெஸ்ட்தான் ஏமாற்றும். என் பெயரும் மின்னஞ்சலும் கிட்டுக்குத் தெரியும், கமிட் ஆகிவிடுகிறது. டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் சிஐ சர்வரில் அந்தக் கோப்பே கிடையாது. நீங்கள் யார் என்று கேட்டு கிட் நின்றுவிடும். உடனே டெஸ்டுக்குள் 'கிட் கான்ஃபிக் --குளோபல்' என்ற, பயனரின் கோப்பிலேயே எழுதும் கட்டளையால் பெயரை எழுதிவைப்பார்கள். சிஐயில் பச்சை விளக்கு. அதையே சக ஊழியர் தன் லேப்டாப்பில் ஓட்டினால் அவர் பெயர் அழிந்து, அப்புறம் அவர் போடும் கமிட் எல்லாம் 'டெஸ்ட் யூசர்' கணக்கில் சேரும். பயனரின் கோப்பைப் படிப்பதே தவறு, அதில் எழுதுவது அராஜகம். பெயரைக் கொடுக்க கிட்டின் ஆத்தர், கமிட்டர் சூழல் மாறிகள் (நிரலுக்கு வெளியிலிருந்து கொடுக்கும் மதிப்புகள்) இருக்கின்றன.

சரி, ஹோம் ஃபோல்டர் எது என்று சொல்லும் 'ஹோம்' மாறியைக் காலி ஃபோல்டருக்குத் திருப்பினால் போதுமா? போதாது. அமைப்புக் கோப்புகளுக்கான ஃபோல்டரைக் காட்டும் 'எக்ஸ்டிஜி_கான்ஃபிக்_ஹோம்' மாறி அமைந்திருந்தால் கிட் அங்கேயும் எட்டிப் பார்க்கும். கணினி முழுமைக்குமான கோப்பு வேறு உண்டு. விண்டோஸில் பைத்தான் 3.8 முதல் ஹோம் ஃபோல்டரைக் குறிக்கும் '~' குறியை விரிக்கும்போது 'யூசர்ப்ரொஃபைல்' மாறியைத்தான் பார்க்கும், ஹோமை அல்ல. கிட்டை மட்டும் அடக்க, 2021இல் வந்த 2.32 பதிப்பு முதல் 'கிட்_கான்ஃபிக்_குளோபல்', 'கிட்_கான்ஃபிக்_சிஸ்டம்' இரண்டையும் '/டெவ்/நல்' (படித்தால் எப்போதும் காலியாக இருக்கும் கோப்பு) ஆக்கினால் முடிந்தது.

பைத்தான் டெஸ்ட் கருவியான பைடெஸ்டில், டெஸ்டுக்கு முன் ஓடும் ஃபிக்ஸ்சரில் இதையெல்லாம் செய்தும் பலிக்கவில்லையா? உங்கள் மாட்யூல் இம்போர்ட் ஆகும்போதே கோப்பைப் படித்துவிடுகிறதா என்று பாருங்கள். ஃபிக்ஸ்சர் வருவதற்குள் காரியம் முடிந்திருக்கும். படிக்கும் வேலையை ஒரு ஃபங்ஷனுக்குள் தள்ளுங்கள்.

ஓட்டையைப் பிடிக்க நான் செய்வது இது: ஒரு ஃபோல்டரில் வேண்டுமென்றே உளறலான ஒரே வரியோடு '.கிட்கான்ஃபிக்' வைத்து, டெர்மினலில் ஹோமை அங்கே திருப்பிவிட்டு மொத்த டெஸ்டையும் ஓட்டுவேன். முதல் வரியே தப்பு என்று கிட் எந்த டெஸ்டில் கத்துகிறதோ, அது இன்னும் வெளியே எட்டிப் பார்க்கிறது.