பாமினிப் பாடல்களை ஓப்பன்எல்பிக்கு மாற்றும் நிரல்: தொடக்கநிலையினருக்கு

ஆராதனையில் பாடல் வரிகளைத் திரையில் காட்டும் ஓப்பன்எல்பி, உலகின் பல பகுதிகளிலுள்ள தன்னார்வலர்கள் பைத்தான் மொழியில் எழுதிவரும் திறமூல மென்பொருள். எங்கள் சபைக் கணினியில் அதை நிறுவக் கால்மணி நேரமே பிடித்தது. ஆனால் வேர்டு கோப்புகளில், ஆங்கில விசைகளின் இடத்தில் தமிழெழுத்து வடிவங்களை வைத்திருக்கும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் பல ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த பாடல்களை அதற்குள் கொண்டுவர, நண்பர் ஒருவரும் நானும் இரண்டு மாதம் மாலைநேரங்களைச் செலவிட்டோம். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடைப் பின்பற்றாத நம் பழைய எழுத்துருக்களின் சிக்கலை அயல்நாட்டு நிரலர்கள் தீர்த்துத் தருவார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. இணையத்தில் எழுத்துரு மாற்றிகள் உண்டு என்றாலும், அவற்றில் ஒவ்வொரு பாடலாக ஒட்டி எடுப்பதைவிடச் சொந்தமாக ஒரு சிறு பைத்தான் நிரல் எழுதிவிடுவதே மேல் என்பது என் கருத்து.

முதலில் வேர்டு கோப்புகளை வெறும் உரைக் கோப்புகளாகச் சேமித்துக்கொள்ளுங்கள். அடுத்து, பாமினியின் எந்த விசைக்கு எந்தத் தமிழெழுத்து என்ற அட்டவணையைப் பைத்தான் அகராதியாக (ஒவ்வொன்றுக்கும் இணையானதைச் சொல்லும் பட்டியலாக) எழுதுங்கள். சிறிய ‘எஃப்’ க, பெரிய ‘எஃப்’ கு என்பதுபோல, உகர ஊகார வரிசைகளுக்குத் தனித்தனி விசைகள் இருப்பதால் அட்டவணை சற்று நீளும்.

மூன்றாவது படியில்தான் நான் வழுக்கி விழுந்தேன். பாமினியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கப்படுகின்றன; அதாவது ‘கொ’ என்பதற்கு முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க, அதன்பின் துணைக்கால். யூனிகோடிலோ மெய்யெழுத்து முன்னும் கொம்பு பின்னும் வரவேண்டும். அட்டவணையை மட்டும் நம்பி மாற்றியபோது எல்லாக் கொம்புகளும் முந்தைய எழுத்தோடு போய் ஒட்டிக்கொண்டன. ஆகவே எழுத்துகளை மாற்றி முடித்த பின், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி ஆகிய மூன்றையும் அடுத்துள்ள மெய்யோடு இடம்மாற்றும் தேடல்கோவை (உரையில் குறிப்பிட்ட அமைப்பைத் தேடிப் பிடிக்கும் வாய்பாடு) ஒன்றை ஓட்டவேண்டும். அதற்கும் பிறகு, பைத்தானுடனேயே வரும் யூனிகோடு நூலகத்தைக் (ஆயத்த நிரல் தொகுப்பைக்) கொண்டு உரையை, பிரிந்து நிற்கும் குறிகளை ஒன்றாக இணைக்கும் என்எஃப்சி வடிவுக்குக் கொண்டுவாருங்கள். இதை விட்டுவிட்டால், கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகவே நின்றுவிடும். திரையில் ‘கொ’ சரியாகத் தெரிந்தாலும், தேடும்போது பாடல் அகப்படாமல் போகக்கூடும்.

ஔகாரத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். பாமினியில் அதன் பின்பாதி ‘ள’ என்ற எழுத்தேயாதலால், ஒற்றைக்கொம்பை அடுத்து ‘ள’ வரும் இடங்களையெல்லாம் ஔகாரமாக்கினால் ‘மௌனம்’ திருந்தும். ‘வெள்ளம்’, ‘தெளிவு’ இரண்டும் சிதையும். நான் ஔகாரச் சொற்களுக்கென ஒரு சிறு பட்டியல் வைத்துக்கொண்டேன். அது அழகான தீர்வன்று, ஆனால் பிழை செய்வதில்லை.

நான்காவதாக, ஒவ்வொரு பாடலையும், ஓப்பன்எல்பி படிக்கக்கூடிய ஓப்பன்லிரிக்ஸ் என்னும் எக்ஸ்எம்எல் (தகவலைக் குறிச்சொற்களுக்கிடையே எழுதும்) வடிவில் எழுதவேண்டும். உரைத் துண்டுகளை ஒட்டி ஒட்டி எக்ஸ்எம்எல் எழுதாமல், அதற்குரிய நூலகத்தையே பயன்படுத்துங்கள். அவ்வடிவில் ‘வி’ சரணத்தையும் ‘சி’ பல்லவியையும் குறிக்கும்; அனுபல்லவிக்கு நான் ‘பி’ என்ற குறியை எடுத்துக்கொண்டேன். நம் கீர்த்தனைகள் பல்லவியில் தொடங்கி ஒவ்வொரு சரணத்திற்குப் பின்னும் பல்லவிக்கே திரும்புவதால், பாடல் வரிசையை ‘சி1 வி1 சி1 வி2 சி1’ என்று வெளிப்படையாகக் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பாடகர் குழு பல்லவிக்குத் திரும்பியிருக்க, திரை இரண்டாம் சரணத்தில் நிற்கும்.

நிரலைப் பொதுவில் வெளியிடும்போது திறமூல உரிமம் ஒன்றைச் சேருங்கள், பாடல்களைச் சேர்க்காதீர்கள். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கிறது. சோதனைக்குப் பாடல் வேண்டுமென்றால், 1864இல் மறைந்த தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் போன்ற பழையவற்றை எடுத்துக்கொள்ளலாம்.

பிற்சேர்க்கை: இம்முறையைப் பின்பற்றிய வேறொரு சபையைச் சேர்ந்த தம்பி, ‘க்ஷேமம்’ என்ற சொல் உடைந்துவிட்டதாகத் தெரிவித்தார். அவருடைய கோப்பில் கொம்பு ‘க்ஷ’ முழுவதற்கும் முன்னால் நின்றிருக்க, என் நிரல் அதைக் ககரத்தோடு மட்டும் இடம்மாற்றியிருந்தது. தேடல்கோவையில் மற்ற மெய்களுக்கு முன்பாக ‘க்ஷ’வை ஒரே அலகாகச் சேர்த்ததும் அது சரியாயிற்று, திருத்தத்தை அவரே எழுதி அனுப்பினார்.