அழித்தாலும் திரும்பி வரும் மென்பொருளை வேரோடு களைவது எப்படி?

வேண்டாத மென்பொருள் ஒன்றை நீக்கிய மறுநாளே அது மீண்டும் தலைகாட்டினால், அழிந்தது நிரலின் கோப்பு மட்டுமே, அதை எழுப்பிவிடும் கட்டளை கணினியில் வேறோர் இடத்தில் அப்படியே இருக்கிறது என்றே பெரும்பாலும் பொருள். அந்தக் கட்டளையை முதலில் முடக்கிவிட்டு, அதன் பிறகே கோப்பை அழிக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் பட்ட பாடெல்லாம் வீண்.

விண்டோஸில் பலரும் டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதி அடைகிறார்கள். ஆனால் குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக இயக்கும் டாஸ்க் ஷெட்யூலரில் பதிந்த வேலைகள் அங்கே தென்படுவதில்லை. ஆகவே டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து, அதன் லைப்ரரியில் உள்ள ஒவ்வொரு வேலையிலும் 'டிரிகர்ஸ்', 'ஆக்‌ஷன்ஸ்' என்னும் இரு பகுதிகளையும் (எப்போது இயங்கும், எதை இயக்கும் என்பவை) நிதானமாகப் படியுங்கள். வேண்டாத வேலையின் பெயர் ஏதோ அப்டேட் போல இருக்கும். ஆக்‌ஷன்ஸில் பார்த்தால், நிரல்கள் தங்கள் தரவை வைக்கும் ஆப்டேட்டா கோப்புறைக்குள் பொருளற்ற எழுத்துகளால் பெயரிட்ட ஒரு ஸ்கிரிப்ட்டை மணிக்கொரு முறை ஓட்டும்படி எழுதியிருக்கும். நல்ல நிரல்கள் சிலவும் ஆப்டேட்டாவிலிருந்தே இயங்குவதால், இடத்தை மட்டும் வைத்துக் குற்றம் சாட்ட வேண்டாம்.

விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியின் 'ரன்' பதிவுகள், பின்னணியில் இயங்கும் சர்வீஸ்கள் என மற்ற இடங்களையும் ஒரே திரையில் காண, மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆட்டோரன்ஸ் கருவியையே நான் பரிந்துரைப்பேன். அதை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, மைக்ரோசாஃப்ட்டின் பதிவுகளை மறைத்து, நிரலை வெளியிட்டவர் யார் என்பதைக் காட்டும் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்கும் வசதியை இயக்கினால், சந்தேகத்துக்குரியவை குறைந்த எண்ணிக்கையில் எஞ்சும். எதையும் உடனே அழிக்காமல் டிக்கை மட்டும் எடுத்துவிடுங்கள்; தவறு நேர்ந்தால் மீண்டும் போட்டுக்கொள்ளலாம்.

பிரவுசரில் ஒட்டிக்கொண்ட எக்ஸ்டென்ஷனுக்கு நீக்கும் பொத்தானே இல்லையென்றால், அது பெரும்பாலும், நிறுவனங்கள் தங்கள் கணினிகளுக்கு விதி வகுக்கப் பயன்படுத்தும் ரெஜிஸ்ட்ரியின் 'பாலிசீஸ்' பகுதி வழியாகத் திணிக்கப்பட்டிருக்கும். சொந்தக் கணினியில் 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்ற அறிவிப்பு வந்தால் அந்தப் பகுதியைப் பாருங்கள். கருவிகளுக்கிடையே பிரவுசர் அமைப்புகளை ஒத்திசைக்கும் சிங்க் வசதியும் நீக்கியதைத் திரும்பக் கொண்டுவரக்கூடும் என்பதால், சுத்தம் செய்து முடிக்கும் வரை அதை நிறுத்தி வையுங்கள்.

இவற்றுக்கும் அகப்படாதது, தன்னையே மறைத்துக்கொள்ளும் ரூட்கிட் என்ற வகை மென்பொருள். 2005-இல் சோனி பிஎம்ஜி தன் இசைக் குறுந்தகடுகளோடு சேர்த்து விற்ற, நகலெடுப்பதைத் தடுக்கும் காப்பு மென்பொருள், ஒரு குறிப்பிட்ட முன்னொட்டுடன் தொடங்கும் கோப்புகள் அனைத்தையும் விண்டோஸின் கண்ணிலிருந்தே மறைத்தது. அதைக் கண்டறிந்து வெளிப்படுத்தியவர், ஆட்டோரன்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான மார்க் ருசினோவிச். இயங்கும் விண்டோஸையே ஏமாற்றும் இத்தகையவற்றுக்கு, விண்டோஸ் தொடங்கும் முன்பே சோதிக்கும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் தேவை. அதன் பிறகும் தொல்லை தொடர்ந்தால், ஆவணங்களையும் படங்களையும் மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள். கடவுச்சொற்களை வேறொரு சுத்தமான கருவியிலிருந்து மாற்றுங்கள்.