பழைய பிஸ்டலின் வயதையும் மதிப்பையும் கண்டறிவது எப்படி?

வீட்டுப் பெரியவர் விட்டுச்சென்ற பழைய பிஸ்டல் ஒன்று கைக்கு வந்திருக்கிறதா? பாலிஷையும் உப்புத்தாளையும் தூரத் தள்ளி வையுங்கள். மங்கிப்போன பழைய நிறம்தான் அதன் பிறப்புச் சான்று. தேய்த்துவிட்டால் போனது போனதுதான். அதை வைத்திருக்க உங்கள் நாட்டில் என்ன உரிமம் வேண்டும் என்பதையும் முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

படி 1: காலியாக இருக்கிறதா?

குழலைப் பாதுகாப்பான பக்கம் திருப்பி, முதலில் தோட்டாக்களை அடுக்கும் பெட்டியான மேகசினைக் கழற்றுங்கள். பிறகு மேலே நகரும் பாகத்தை (பலவற்றில் ஸ்லைடு, லூகர் போன்றவற்றில் மடங்கும் இணைப்பு) பின்னுக்கு இழுத்து, தோட்டா அறைக்குள் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். இந்த வரிசையை மாற்றவே கூடாது. மேகசினை எடுத்த பிறகும் அறைக்குள் ஒரு தோட்டா இருக்கலாம். பழக்கமில்லை என்றால் தெரிந்த ஒருவரைக் கூட்டி வந்து செய்யுங்கள்.

படி 2: முத்திரைகளைப் படியுங்கள்

நல்ல வெளிச்சமும் பூதக்கண்ணாடியும் போதும். கண்ணில் படும் எழுத்து, எண், சின்னம் எல்லாவற்றையும் அப்படியே நோட்டில் வரைந்துகொள்ளுங்கள். அர்த்தம் பிறகு தேடலாம்.

ஜெர்மன் ராணுவம் 1908இல் ஏற்றுக்கொண்ட லூகர் பிஸ்டலை எடுத்துக்கொள்வோம். முதல் உலகப் போர்க் காலத் துப்பாக்கிகளில் தோட்டா அறையின் மேல் ஆண்டு நேராகவே பொறித்திருக்கும். 1930களில் மௌசர் ஆலையில் செய்தவற்றில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். மேலே மடங்கும் இணைப்பில் ‘42’ என்று இருந்தால் உடனே 1942 என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அது ஆண்டு அல்ல, ஆலையின் ரகசியக் குறியீடு. ஆண்டு அறையின் மேல் தனியாக இருக்கும். அங்கே ‘கே’ எழுத்து இருந்தால் 1934, ‘ஜி’ என்றால் 1935.

தொடர் எண்ணை மட்டும் நம்பவும் முடியாது. ராணுவ லூகர்களில் ஒவ்வோர் ஆண்டும் எண் ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கியது. பத்தாயிரத்தை எட்டியதும் எண்ணோடு ஓர் எழுத்தைச் சேர்த்தார்கள். ஆகவே எண், எழுத்து, ஆண்டு, ஆலை நான்கும் சேர்ந்தால்தான் ஒரு துப்பாக்கியின் அடையாளம் முழுமையாகும். அமெரிக்க ராணுவம் 1911இல் ஏற்ற கோல்ட் பிஸ்டலுக்கு வேலை சுலபம்: துப்பாக்கியின் சட்டத்தில் (மற்ற பாகங்களைத் தாங்கும் உடல்பகுதியில்) உள்ள தொடர் எண்ணை, எந்த எண் எந்த ஆண்டு என்று காட்டும் அட்டவணையில் பார்த்தால் ஆண்டு கிடைத்துவிடும்.

படி 3: எண்கள் ஒத்துப்போகின்றனவா?

மதிப்பு பெருமளவு இங்கேதான் நிர்ணயமாகிறது. லூகரின் சட்டத்திலும் குழலின் அடியிலும் முழு எண் இருக்கும். விசை, பக்கத்தகடு போன்ற சிறு பாகங்களில் கடைசி இரண்டு இலக்கம் மட்டும். ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். மேகசினின் அடிப்பகுதியைக் கட்டாயம் திருப்பிப் பாருங்கள். போர்க்களத்தில் எளிதாக மாறிப்போவது அதுதான். அந்த எண்ணும் பொருந்தினால் சேகரிப்பாளர்கள் தேடி வருவார்கள். முதல் உலகப் போர்க் கால மேகசினில் எண்ணோடு ஒரு கூட்டல் குறியும் இருந்தால், அது அதே துப்பாக்கியோடு கொடுத்த உபரி மேகசின்.

படி 4: நிறம் அசலா?

விளிம்புகள் மழுங்கி, முத்திரைகள் ஆழமில்லாமல், திருகுத் துளைகளின் ஓரம் குழிந்திருந்தால், யாரோ தேய்த்து மறுபூச்சுப் போட்டிருக்கிறார்கள். பழைய லூகரில் விசையும் பாதுகாப்பு நெம்புகோலும் வைக்கோல் மஞ்சளாக இருக்க வேண்டும். 1937 வாக்கில்தான் அவையும் கருநீலமாக மாறின. 1917 என்று பொறித்த துப்பாக்கியில் விசை கருநீலமாக மின்னினால் சந்தேகப்படுங்கள். பளபளக்கும் மறுபூச்சைவிட, அங்கங்கே தேய்ந்த அசல் பூச்சுதான் விலைபோகும்.

படி 5: விலை

விற்பவர் கேட்கும் விலையை அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். ஏல நிறுவனங்கள் வெளியிடும் பழைய ஏல முடிவுகளில், உங்களுடையதைப் போன்றே ஆண்டும் ஆலையும் நிலையும் உள்ளவை எவ்வளவுக்குப் போயின என்று பாருங்கள். ஏலத் தொகையோடு வாங்குபவர் கட்டும் கமிஷனும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். விற்பவர் கைக்கு அந்தக் கமிஷன் வராது. அசல் உறை, போர் முடிந்து வீரர் கொண்டுவந்ததற்கான அனுமதிச் சீட்டு போன்றவை இருந்தால் துப்பாக்கியோடு சேர்த்தே வையுங்கள், பிரித்து விற்காதீர்கள். மதிப்பீட்டாளரிடம் போகும் முன் சுட்டுப் பார்க்கவும் வேண்டாம். எண் பொருந்திய ஒரு சிறு பாகம் உடைந்தால், அதே எண்ணோடு இன்னொன்று எங்கும் கிடைக்காது.