விண்டர்பெர்ரி காய்க்கவில்லையா? உரத்தைக் குறை சொல்லாதீர்கள்

அமெரிக்காவின் வடகிழக்கில் டிசம்பர் மாதம் சதுப்பு நிலத்தை ஒட்டிய சாலைகளில் போனால், இலையெல்லாம் கொட்டிப்போன ஒரு புதர்ச்செடியில் குச்சி தெரியாதபடி சிவப்புப் பழம் அப்பியிருக்கும். அதுதான் விண்டர்பெர்ரி ஹாலி. கிறிஸ்துமஸ் அட்டைகளில் வரும் முள்ளிலை ஹாலிக்குச் சொந்தம்தான், ஆனால் இது இலையுதிர்க்கும் வகை. அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த செடி.

அந்தச் சிவப்பில் மயங்கி, பழம் நிறைந்த செடியாகப் பார்த்து நர்சரியில் ஒன்றே ஒன்று வாங்கி வந்தேன். அடுத்த குளிர்காலத்தில் வெறும் குச்சிதான். உரம் போட்டேன், இலை செழித்தது, பழம் வரவில்லை. பனையைப் போல இதிலும் ஆண் தனி, பெண் தனி என்று அப்போது தெரியாது. வாங்கும்போது இருந்த பழம், நர்சரியில் பக்கத்தில் நின்ற ஆண் செடியின் புண்ணியம்!

சரி, ஏதோ ஒரு ஆண் செடியை வைத்தால் போதுமா? அங்கேதான் பலரும் இரண்டாம் முறை ஏமாறுகிறார்கள். இரண்டும் ஒரே சமயத்தில் பூத்தால்தான் தேனீ மகரந்தத்தைக் கொண்டு சேர்க்க முடியும். முந்திப் பூக்கும் 'ரெட் ஸ்ப்ரைட்' ரகத்துக்கு 'ஜிம் டேண்டி' ஜோடி. பிந்திப் பூக்கும் 'விண்டர் ரெட்' ரகத்துக்கு 'சதர்ன் ஜென்டில்மேன்'. ஐந்தாறு பெண் செடிகளுக்கு ஓர் ஆண் போதும், 50 அடிக்குள் இருந்தால் நல்லது. பெயர்ச்சீட்டு தொலைந்துவிட்டதா? ஜூன் வாக்கில் பூவை உற்றுப் பாருங்கள். நடுவில் பச்சையாகக் குட்டிக் காய் போலப் புடைத்திருந்தால் பெண். மஞ்சள் மகரந்தம் தெரிந்தால் ஆண்.

மண் விஷயத்தில் இதன் குணம் வேறு. அமிலத்தன்மையும் ஈரமும் உள்ள மண்தான் பிடிக்கும். புல்தரைக்குச் சுண்ணாம்பு தூவும்போது இதன் வேரடியிலும் விழுந்தால், நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இலை மஞ்சளாகும். கூரைத் தண்ணீர் வந்து தேங்கும் தாழ்வான மூலை இருந்தால் அங்கேயே வையுங்கள், வெயில் மட்டும் நன்றாக விழ வேண்டும். நிழலில் செடி பிழைக்கும், பழம் குறையும்.

கோடையில் வேலி வெட்டுகிற கையோடு இதையும் மட்டமாக வெட்டிவிடாதீர்கள், பிஞ்சோடு போய்விடும். குளிர்காலக் கடைசியில், துளிர்ப்பதற்கு முன், முதிர்ந்த தண்டு ஒன்றிரண்டை மட்டும் அடியோடு எடுத்தால் போதும். அப்புறம், முதல் உறைபனிக்குப் பின் இலை கறுத்தால் நோய் என்று மருந்து தேட வேண்டாம், அது அப்படித்தான்.

வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் கவனம்: பழத்தைத் தின்றால் வாந்தி வரும். பறவைகளுக்கு ஒன்றும் ஆகாது. குளிர் முற்றியதும் ராபின்கள் கூட்டமாக வந்து மொத்தத்தையும் காலி செய்துவிடும். அதற்காக நான் வலை போடுவதில்லை. வீட்டு அலங்காரத்துக்கு வேண்டிய நாலு கிளையை டிசம்பர் தொடக்கத்திலேயே வெட்டி வைத்துக்கொள்கிறேன்.