ஏழு மணிக்கு வீடு திரும்பி, எட்டுக்குள் இரவுச் சாப்பாடு

இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், மாலை நேரத்தை விழுங்குவது மூன்று வேலைகள்: என்ன செய்யலாம் என்று யோசிப்பது, வெங்காயம் உரிப்பது, ஊறாத கடலையோடு மல்லுக்கட்டுவது. இந்த மூன்றையும் ஞாயிற்றுக்கிழமையே முடித்துவிட்டால், வாரநாளில் மிச்சமிருப்பது அரை மணி நேர அடுப்பு வேலைதான். அதற்காகக் குழம்பு, பொரியல் எல்லாவற்றையும் ஞாயிறே சமைத்து டப்பாவில் அடைக்க வேண்டாம். புதன்கிழமைக்குள் ருசி போய்விடும், பிள்ளைகள் தொட மாட்டார்கள். பாதி முடித்த பொருள்களை வைத்துக்கொள்ளுங்கள்: மாவு, தொக்கு, ஊறிய கடலை, துருவிய தேங்காய்.

மாவு

நால்வர் உள்ள வீட்டுக்கு இட்லி அரிசி 4 டம்ளர், முழு வெள்ளை உளுந்து 1 டம்ளர், வெந்தயம் 1 தேக்கரண்டி போட்டால் மூன்று இரவுகளுக்குக் காணும். அரிசியைத் தனியாகவும் உளுந்தையும் வெந்தயத்தையும் சேர்த்தும் நான்கு மணி நேரம் ஊற வையுங்கள். கிரைண்டரில் முதலில் உளுந்து. குளிர்ந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து 25 நிமிடம் ஆட்டினால் பொங்கி வரும். ஒரு துளியைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். மிதந்தால் பதம் சரி. மிக்ஸி என்றால் ஐஸ் தண்ணீர் ஊற்றி, இடையிடையே நிறுத்தி அரையுங்கள். சூடேறிய உளுந்து பொங்காது, இட்லி கல்லாகிவிடும்.

மாவு மூன்றாம் நாளே புளித்துப் போகிறது என்று பல வீடுகளில் குறை. பெரும்பாலும் காரணம் அரைக்கும் நேரம். மதியம் அரைத்து வெளியே வைத்தால், சித்திரை வெயிலில் ஏழெட்டு மணி நேரத்திலேயே பொங்கி, விடிவதற்குள் புளிப்பு ஏறிவிடுகிறது. கோடையில் ஞாயிறு இரவு ஒன்பது மணிவாக்கில் அரைத்து முடித்து, திங்கள் காலை எழுந்ததும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மார்கழியில் மாலை ஆறு மணிக்கே அரைத்துவிட வேண்டும், பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பினால் பொங்கி வழியும்.

பொங்கிய மாவைக் கலக்காமல் மூன்று டப்பாக்களில் பிரித்து வையுங்கள். ஒரு இரவுக்கு ஒரு டப்பா. ஒரே பாத்திரத்தை நாலு தடவை வெளியே எடுத்துக் கிண்டி உள்ளே வைப்பதுதான் புளிப்பைச் சீக்கிரம் வரவழைக்கிறது. திங்கள் இட்லி, புதன் தோசை, வெள்ளி வெங்காய ஊத்தப்பமோ பணியாரமோ. புளிப்பு கூடக்கூடப் பலகாரம் மாற வேண்டும், அவ்வளவுதான்.

தொக்கு

பெரிய வெங்காயம் அரைக் கிலோ, தக்காளி அரைக் கிலோ, நல்லெண்ணெய் 100 மில்லி, பூண்டு 15 பல், கட்டைவிரல் நீள இஞ்சி, மிளகாய்த்தூள் ஒன்றரை மேசைக்கரண்டி, உப்பு. வெங்காயம் பொன்னிறமான பிறகே தக்காளி. மிதமான தீயில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வதக்குங்கள். கரண்டியால் நடுவில் ஒரு கோடு கிழித்தால், அந்தக் கோடு மூடாமல் ஓரத்தில் எண்ணெய் கசிய வேண்டும். தண்ணீர் வற்றுமுன் இறக்கினால் மூன்று நாளில் வாடை வந்துவிடும். நன்றாக ஆறிய பின் கண்ணாடி பாட்டிலில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்து, ஈரமில்லாத கரண்டியால் எடுத்தால் ஒரு வாரம் தாங்கும்.

வியாழக்கிழமை சப்பாத்திக்கு இந்தத் தொக்கு ஐந்து கரண்டியும் வெந்த கொண்டைக்கடலையும் போதும். கடலை கால் கிலோவை சனி இரவு ஊறவைத்து, ஞாயிறு காலை வடித்து, இரண்டு பொட்டலமாக ஃப்ரீஸரில் வையுங்கள். உறைந்தபடியே குக்கரில் போட்டு, உப்பும் மூழ்கும் அளவு தண்ணீரும் சேர்த்து ஆறு விசில். காலையில் ஊறப்போட்டு வேலைக்குப் போனால், நம் ஊர் வெக்கையில் மாலைக்குள் நுரைத்துப்போகும்.

செவ்வாய்: அரிசிம்பருப்பு சாதம்

கொங்கு வீடுகளின் இந்த ஒரு பாத்திரச் சமையல் வேலைநாளுக்கென்றே அமைந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் அரிசி ஒன்றரை டம்ளர், துவரம்பருப்பு அரை டம்ளர் கழுவி ஊறப்போடுங்கள். முகம் கழுவி வருவதற்குள் பத்து நிமிடம் ஊறியிருக்கும். குக்கரில் எண்ணெய், கடுகு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை, உரித்து வைத்த சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, பூண்டு, தக்காளி ஒன்று. மஞ்சள்தூளும் சாம்பார் பொடியும் போட்டு, தண்ணீர் ஆறு டம்ளர் ஊற்றுங்கள். அடியில் ஒட்டிய மசாலாவைக் கரண்டியால் நன்றாகச் சுரண்டிவிட்டு, தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகே அரிசி, பருப்பு, உப்பு போட்டு மூடுங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டால்தான் அடிப்பிடிக்கும். மிதமான தீயில் மூன்று விசில். ஆவி தானாக அடங்கட்டும், கடைசியில் நெய். தொட்டுக்கொள்ள அப்பளமும் தயிரும்.

குக்கர் அடுப்பில் இருக்கும் அந்த இருபது நிமிடத்தை இன்னொருவர் எடுத்துக்கொள்ள வேண்டும்: மறுநாள் காய் நறுக்குவது, டிபன் பாக்ஸ் கழுவுவது. ஒருவர் சமைத்தால் மற்றவர் பாத்திரம் கழுவுவது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். அம்மா மட்டுமே அடுப்படியில் நிற்கும் வீட்டில் எந்தத் திட்டமும் ஒரு மாதம்கூட ஓடாது. ஏழெட்டு வயதுப் பிள்ளை தட்டு வைக்கலாம், பூண்டு உரிக்கலாம்.

பிள்ளைகளுக்கு ஆறு மணிக்கே பசி எடுத்துவிடும். வாழைப்பழமோ அவித்த வேர்க்கடலையோ அப்போதே சாப்பிடும்படி எடுத்து வைத்துவிட்டுப் போங்கள். ஏழரைக்கு பிஸ்கட் கொடுத்தால் எட்டு மணிச் சாப்பாடு தட்டிலேயே கிடக்கும்.

மிஞ்சிய சோறு இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் போக வேண்டும், அகலமான பாத்திரத்தில் பரப்பினால் சீக்கிரம் ஆறும். வெளியே கிடந்த சோற்றில் பாசில்லஸ் செரியஸ் என்ற கிருமி உண்டாக்கும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. தேங்காய்ச் சட்னியையும் அன்றன்றே அரைத்துத் தீர்த்துவிடுங்கள். துருவிய தேங்காய் ஃப்ரீஸரில் இருந்தால், பொட்டுக்கடலையும் வெதுவெதுப்பான தண்ணீரும் சேர்த்து அரைக்க ஐந்து நிமிடம்தான்.

இருவருமே எட்டரைக்குத் திரும்பும் நாளும் வரும். அதற்காக ரவை அரைக் கிலோவை ஞாயிறே வாசம் வரும்வரை வறுத்து ஆறவைத்து டப்பாவில் போட்டு வையுங்கள். ஒரு டம்ளர் ரவைக்கு இரண்டரை டம்ளர் கொதிக்கும் தண்ணீர், தீயைக் குறைத்து, ஒரு கையால் ரவையைத் தூவி மறுகையால் கிளறினால் கட்டி தட்டாது. மூடி ஐந்து நிமிடம் விட்டால் உப்புமா தயார்.