பழைய திகில் படத்தின் முகத்தை மையில் வரைவது எப்படி?

1931-இல் வெளிவந்த ‘ஃபிராங்கென்ஸ்டைன்’ படத்தில் நடிகர் போரிஸ் கார்லஃப் ஏற்ற, பிணங்களின் பாகங்களை ஒன்றுசேர்த்து உயிரூட்டப்பட்ட உருவத்தை வரைய உட்காருபவர்கள் பெரும்பாலும் கழுத்தில் துருத்தி நிற்கும் உலோக முனைகளையும் நெற்றித் தழும்பையும்தான் முதலில் வரைகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். எல்லா அடையாளங்களும் வந்தன, பயம் மட்டும் வரவில்லை. கறுப்பு வெள்ளைப் படங்களில் நம்மை நடுங்க வைப்பது, முகத்தில் வெளிச்சம் படாமல் போன இடங்களே என்பது பிடிபட்ட பிறகுதான் என் ஓவியங்கள் மாறின. ஆகவே இங்கே நிழலை முதலிலும் கோட்டைக் கடைசியிலும் வைத்து வரையப் போகிறோம்.

தேவையானவை: 200 ஜிஎஸ்எம்-க்கு (சதுர மீட்டருக்கு 200 கிராம் எடை) குறையாத வழவழப்பான தாள், எச்பி பென்சில், 0.3 மி.மீ. பேனா, கறுப்பு இந்தியன் இங்க், நுனி கூர்மையான ஒரு தூரிகை, அழிப்பான். மெல்லிய தாள் மை பட்டதும் நெளிந்துவிடும் என்பதால் இதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

படி 1: படத்தைப் பார்த்து, அந்த உருவம் முதன்முதலில் திரும்பி முகம் காட்டும் காட்சியில் நிறுத்துங்கள். கண்களைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தால் நுணுக்கங்கள் மறைந்து, கறுப்பு, சாம்பல், வெள்ளை என்று மூன்று திட்டுகள் மட்டும் எஞ்சும். அவற்றை 8 செ.மீ.க்கு 6 செ.மீ. கட்டத்தில் பென்சிலால் நிரப்புங்கள். இப்படி மூன்று சிறு வரைவுகள் போட்டு, கறுப்பு அதிகமுள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

படி 2: பெரிய தாளில் மண்டையோட்டை மெல்லிய கோடுகளால் அமையுங்கள். ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியர்ஸ் அந்தத் தலையைத் தட்டையாக்கியதற்கு ஒரு காரணம் இருந்தது: மூளையை வைக்க வேண்டிய அறுவை மருத்துவர் மண்டையோட்டைப் பானை மூடிபோல் நேராக அறுத்துத் திறப்பார் என்று அவர் எண்ணினார். அதனால் உச்சியை வளைவாக வரையாமல், ஒரு பெட்டியின் மேல்விளிம்புபோல் வரையுங்கள். கார்லஃப் தன் பல்செட்டின் ஒரு பகுதியைக் கழற்றிவிட்டு நடித்ததால் ஒரு கன்னம் குழிந்திருக்கும். முகத்தின் இரு பக்கங்களையும் ஒரே மாதிரி வரைந்துவிட்டால் அந்தச் சோர்வு காணாமல் போகும்.

படி 3: இனி மை. புருவ எலும்புக்குக் கீழே உள்ள கண்குழி முழுவதையும் தூரிகையால் கறுப்பாக்குங்கள். ஆனால் அதற்கு முன்பே கீழிமையோரத்தில் கடுகளவு வெள்ளையைப் பென்சிலால் வட்டமிட்டு ஒதுக்கி வையுங்கள். கார்லஃபின் மேலிமைகள் மெழுகால் கனமாக்கப்பட்டிருந்தன. எனவே முழுக் கண்மணியை வரைந்தால் முகம் விழித்துக்கொண்டதுபோல் ஆகிவிடும், உயிருக்கும் சாவுக்கும் நடுவே நிற்கும் தோற்றம் போய்விடும். ஒதுக்கிய அந்தப் புள்ளியில் மை பட்டுவிட்டால் வெள்ளை மை வைத்துத் திருத்தலாம், என்றாலும் தாளின் வெண்மைக்கு இருக்கும் ஒளி அதற்கு வராது. அடுத்து கன்னக்குழி, மூக்கின் அடிப்பகுதி, தாடைக்குக் கீழே உள்ள கழுத்து ஆகியவற்றை நிரப்புங்கள்.

படி 4: மை நன்றாகக் காய்ந்த பின் கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் ஓரங்களில் மட்டும் பேனாவால் நெருக்கமான இணைகோடுகள் போடுங்கள். நெற்றியை வெறுமையாக விடுவதே நல்லது. தழும்புக்கு இப்போது இரண்டு கோடுகள் போதும்.

படி 5: பின்னணியைக் கறுப்பாக்கி, தலையின் இருண்ட பக்கத்தை அதனுடன் கரைய விடுங்கள், வெளிப்புறக் கோடு வேண்டவே வேண்டாம். 1920-இல் வந்த ‘டாக்டர் காலிகாரியின் அறை’ படத்தில் நிழல்களை அரங்கின் மீதே வண்ணத்தால் தீட்டியிருந்தார்கள். அதேபோல் நீங்களும் ஒரு சாய்ந்த சன்னல் வெளிச்சத்தைச் சுவரில் சேர்க்கலாம். அதன் திசை முகத்தின் வெளிச்சத்தோடு ஒத்துப்போகாவிட்டாலும் குற்றமில்லை.

பென்சில் கோடுகளை அழித்துவிட்டு ஓவியத்தைச் சுவரில் சாய்த்து, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். முதலில் கண்ணில் படுவது தழும்பாக இருந்தால் அதன் மேல் நிழலைப் படர விடுங்கள். அந்தக் கடுகளவு வெள்ளையாக இருந்தால் பேனாவைக் கீழே வைத்துவிடலாம்.